சேணம் பொருந்தவில்லையா? அறிகுறியிலிருந்து காரணத்தைக் கண்டுபிடிக்கும் முறை

குதிரை சேணத்தைப் பார்த்ததும் காதை மடக்குகிறது, அல்லது ஏறி உட்கார்ந்தவருக்கு இடுப்பு வலிக்கிறது என்றால் பலரும் முதலில் செய்வது சேணத்துக்கு அடியில் போடும் தடிமனான பேட் ஒன்று வாங்குவதுதான். சேணம் ஏற்கெனவே இறுக்கமாக இருந்தால் அந்த பேட் அதை இன்னும் இறுக்கும். சேணம் தளர்வாக இருந்தால் குறையைச் சில வாரம் மறைத்துவைக்கும். எனவே எதையும் வாங்கும் முன் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். ஒரே அறிகுறி நேரெதிரான இரண்டு காரணங்களிலிருந்து வரக்கூடும் என்பதால்தான் கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் ஒரு சோதனை சொல்லியிருக்கிறோம். இங்கே பேசுவது பெரும்பாலும் இங்கிலீஷ் வகைச் சேணம் பற்றி. வெஸ்டர்ன் வகை பற்றித் தனியாகச் சிறு குறிப்பு உண்டு.

எந்த வரிசையில் பார்ப்பது என்பதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. முதலில் சேணம், பிறகு குதிரை, கடைசியில் சவாரி செய்பவர். உடைந்த சேணத்தைக் குதிரைக்குப் பொருத்திப் பார்ப்பது வீண்வேலை. குதிரைக்குப் பொருந்தாத சேணத்தில் சவாரி செய்பவரின் உட்காரும் நிலையைத் திருத்தவே முடியாது.

முதலில் சேணத்தையே சோதியுங்கள்

சேணத்துக்குள் இருக்கும் சட்டத்தை 'ட்ரீ' என்பார்கள். அது விரிசல் விட்டிருந்தால் வெளியே தோல் பளபளப்பாகவே தெரியும். முன்பக்க வளைவான பொம்மலின் இரண்டு கீழ் நுனிகளையும் கைகளால் பிடித்து உள்ளே அமுக்குங்கள், வெளியே இழுங்கள். அசைவோ கிறீச்சென்ற சத்தமோ வந்தால் முன்வளைவு போயிற்று. பிறகு பொம்மலைத் தொடையில் ஊன்றி, பின்பக்க எழுச்சியான கேன்டிலை உங்களை நோக்கி இழுங்கள். ஸ்பிரிங் ட்ரீ கொஞ்சம் வளைந்து கொடுக்கும், அது இயல்பு. இருக்கையின் குறுக்கே ஆழமான மடிப்பு விழுந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் அதிகமாக வளைந்தாலோ அது இயல்பில்லை.

அடுத்து சேணத்தைக் கவிழ்த்துப் பின்னாலிருந்து பாருங்கள். முதுகின் இருபுறமும் படியும், கம்பளி நிரப்பிய மெத்தைகளான பேனல்கள் இரண்டும் ஒரே உயரமா, நடுவில் ஓடும் கால்வாய் நேராக இருக்கிறதா? உள்ளங்கையை அழுத்தித் தடவினால் கம்பளிக் கட்டிகள் தட்டுப்படும். வயிற்றைச் சுற்றிக் கட்டும் பட்டையான கர்த்தைச் சேணத்தோடு பிணைப்பவை பில்லெட் வார்கள். தையல் விட்ட பில்லெட் வார்களும் நீண்டுபோன துளைகளும் உயிருக்கே ஆபத்து. அவற்றை மாற்றாமல் மேற்கொண்டு எதுவும் செய்யாதீர்கள். சட்டம் உடைந்திருந்தால் அந்தச் சேணத்தில் ஏற வேண்டாம்.

வெறும் முதுகில் வைத்துப் பார்ப்பது

குதிரை சமதளத்தில் நிற்க வேண்டும். முன்கால்கள் ஒரே கோட்டில், பின்கால்கள் ஒரே கோட்டில், தலை நேராக முன்னோக்கி. தலையைத் திருப்பினாலே முதுகின் வடிவம் மாறிவிடும். பேட் போடாமல், கர்த் கட்டாமல், சேணத்தை, கழுத்து முடியும் இடத்தில் உயர்ந்திருக்கும் தோள்மேட்டுக்குச் சற்று முன்னால் வைத்துப் பின்னுக்கு மெல்லத் தள்ளுங்கள். ஓரிடத்தில் அது தானாக உட்காரும். பலர் அதை அங்கிருந்து இன்னும் ஓர் அங்குலம் முன்னே இழுத்துவிடுகிறார்கள். பாதிக் கோளாறுகள் அந்த இழுப்பில்தான் தொடங்குகின்றன.

1. தோள்பட்டை எலும்பின் பின் ஓரத்தை விரலால் தேடுங்கள். சட்டத்தின் முன்நுனி அதற்கு இரண்டு மூன்று விரல் பின்னால் இருக்க வேண்டும். சவாரி செய்பவரின் காலுக்கும் குதிரைக்கும் இடையே தொங்கும் தோலாலான ஃபிளாப் தோள்மேல் வந்தால் பரவாயில்லை, சட்டம் வரக்கூடாது. முன்காலைத் தூக்கி முன்னே நீட்டிப் பார்த்தால் காரணம் புரியும்: எலும்பின் மேல்நுனி அப்போது பின்னோக்கிச் சுழன்று வருகிறது.

2. கடைசி விலா எலும்பை அடிவயிற்றுப் பக்கமிருந்து தடவிக்கொண்டே மேலே முதுகெலும்பு வரை போங்கள். அது 18ஆம் மார்பு முள்ளெலும்பில் போய்ச் சேரும். பேனலின் சுமை தாங்கும் பகுதி அதைத் தாண்டக்கூடாது. அதற்குப் பின்னால் விலா எலும்புகளின் தாங்கல் கிடையாது.

3. தோள்மேட்டுக்கும் பொம்மலுக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். மேலே மட்டும் பார்த்தால் போதாது, இரு பக்கவாட்டிலும் விரல் நுழைய வேண்டும்.

4. நடுக் கால்வாய் முன்னிருந்து பின்வரை மூன்று நான்கு விரல் அகலம் இருக்க வேண்டும். முன்னே அகலமாகத் தொடங்கிப் பின்னால் இரண்டு விரலாகக் குறுகும் சேணங்கள் உண்டு. அவை திரும்பும்போது முதுகெலும்பின் ஓரத்தில் ஏறிவிடும்.

5. முன் ஃபிளாப்பைத் தூக்கி, சட்டத்தின் நுனி போகும் கோணத்தைத் தோள்மேட்டின் சரிவோடு ஒப்பிடுங்கள். இரண்டும் இணையாகப் போக வேண்டும்.

6. இருக்கையில் ஓர் உருளைப் பென்சிலைக் குறுக்காக வையுங்கள். அது நடுவில் நின்றால் சரி. கேன்டில் பக்கம் உருண்டால் சேணம் பின்னால் சாய்கிறது, பொம்மல் பக்கம் உருண்டால் முன்னால் சாய்கிறது.

இதே சோதனைகளைக் கர்த் கட்டியபின் ஒருமுறையும், சவாரி செய்பவர் ஏறியபின் ஒருமுறையும் செய்ய வேண்டும். ஏறியபின் தோள்மேட்டு இடைவெளி ஒன்றரை விரலுக்குக் கீழே போனால் சேணம் பொருந்தவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: பொம்மல் தோள்மேட்டில் உட்காருகிறது, உட்கார்ந்தவர் முன்னே தள்ளப்படுகிறார்

பெரும்பாலும் சட்டம் அகலம் அதிகம். முன்பக்கம் இறங்கும்போது பின்பக்கம் எழும்பும். மிதமான ஓட்டமான டிராட்டில் கேன்டில் முதுகைத் தட்டித் தட்டி எழுவதைப் பக்கத்தில் நிற்பவர் பார்த்தே சொல்லிவிடலாம். உட்கார்ந்தவர் முழங்காலால் இறுக்கிப் பிடிப்பார், கீழ்க்கால் பின்னே போய்விடும். அவருடைய பழக்கக் குறை என்று பயிற்சியாளர் திட்டுவதற்கு முன் பென்சிலை வைத்துப் பார்ப்பது நியாயம்.

ஆனால் சட்டம் சரியாக இருந்து, முன்பேனலின் கம்பளி அமுங்கியிருந்தாலும் இதேதான் தெரியும். பிரித்தறிய, கோணத்தைப் பாருங்கள். சட்டநுனி சரிவோடு இணையாகப் போகிறது, ஆனாலும் இடைவெளி இல்லை என்றால் கம்பளி நிரப்பினால் போதும். சட்டநுனி சரிவைவிட்டு வெளியே விரிந்து நின்றால் அகலம்தான் குற்றவாளி. தற்காலிகமாக இரு தோள்பக்கமும் மெல்லிய ஷிம், அதாவது இடைவெளியை நிரப்பும் பட்டை, வைக்கலாம். உயரமான தோள்மேடுள்ள குதிரையானால் மூன்றாவது வாய்ப்பும் உண்டு: அகலம் சரி, பொம்மலின் உயரம்தான் போதவில்லை. அதற்குப் பின்வாங்கி வெட்டிய பொம்மலுள்ள சேணம் வேண்டும்.

அறிகுறி: பொம்மல் தூக்கி நிற்கிறது, உட்கார்ந்தவர் பின்னால் சரிகிறார்

இது இறுக்கமான சட்டம். தோள்மேட்டு இடைவெளி நான்கு விரலுக்கு மேல் இருப்பதைப் பார்த்து 'நல்ல இடைவெளி' என்று மகிழ்பவர்கள் இருக்கிறார்கள். சேணம் இறங்க முடியாமல் மேலே தொங்குகிறது என்பதே அதன் பொருள். சட்டநுனிகள் தோளின் பின்னால் உள்ள தசையைக் கவ்வும். சவாரி செய்பவரின் எடை முழுவதும் பேனலின் பின்நுனியில் இறங்கும். குதிரை நடையைச் சுருக்கும், முதுகைப் பள்ளமாக்கும், இறக்கத்தில் இறங்கத் தயங்கும். நாளடைவில் தோள்மேட்டின் பின்னால் இரு குழிகள் விழும். குழி விழுந்த குதிரைக்கு அந்தக் குழிக்கு அளவெடுத்துச் சேணம் வாங்கிவிட்டால் தசை திரும்பி வளர இடமே இருக்காது. தசை நிறைந்தால் என்ன அகலம் வருமோ அந்த அகலத்துக்குச் சேணம் எடுத்து, குழியை ஷிம் கொண்டு நிரப்பி, தசை வளர வளர ஷிம்மை மெலிதாக்கிக்கொண்டே வர வேண்டும்.

மாற்றத்தக்க முன்தகடு உள்ள சேணமானால் திருப்புளியால் அகலத்தை மாற்றலாம். வின்டெக் சேணங்களில் தகடுகளுக்கு நிறக் குறியீடு உண்டு: மஞ்சள் குறுகல், கறுப்பு நடுத்தரம், சிவப்பு அகலம். மற்ற தயாரிப்பாளர்களின் 'மீடியம்' இதே அளவாக இருக்கும் என்று நம்ப வேண்டாம், பொதுத் தர அளவு எதுவும் கிடையாது. தகடு முன்பகுதியை மட்டுமே மாற்றும், நடுச்சட்டத்தின் கோணமும் வளைவும் அப்படியே இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சட்டநுனியின் கோணம் பொருந்தியும் பென்சில் பின்னால் உருண்டால், பின்பேனலின் கம்பளி இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அது எளிதில் சரியாகும்.

அறிகுறி: முன்னும் பின்னும் தொடுகிறது, நடுவில் கை புகுகிறது

இதைப் பாலம் போடுதல் என்பார்கள். பேனலின் நீளவளைவு முதுகின் வளைவைவிடத் தட்டையாக இருந்தால் வரும். கையை முன்னிருந்து பின்வரை சீரான அழுத்தத்தோடு நகர்த்துங்கள். நடுவில் அழுத்தம் மறைந்து மீண்டும் வந்தால் அதுதான். யாரும் ஏறாதபோது நூலிழை இடைவெளி இருந்தால் கவலை வேண்டாம், எடை ஏறியதும் அடங்கும். விரல்கள் தாராளமாகப் போனால் கம்பளி சேர்த்துப் பார்க்கலாம். சட்டமே தட்டையானால் எவ்வளவு நிரப்பினாலும் நிற்காது.

இதற்கு நேர்மாறு தொட்டில்போல ஆடுவது. கேன்டிலை அமுக்கினால் பொம்மல் எழும், விட்டால் விழும். வளைந்த பேனல் தட்டையான முதுகில் உட்கார்ந்திருக்கிறது. இதைக் கம்பளியால் திருத்துவது அரிது.

அறிகுறி: வியர்வைத் தடத்தில் காய்ந்த திட்டு, வெள்ளை முடி, வீக்கம்

சவாரி முடிந்து சேணத்தைக் கழற்றியதும் தெரியும் தடத்தைப் படிப்பதில் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். முதுகெலும்பின் மேல் நீளமாகக் காய்ந்த பட்டை இருப்பது நல்லது, கால்வாய் வேலை செய்கிறது என்று அர்த்தம். பேனல் பட்ட இடத்தில் காய்ந்த திட்டு இருந்தால் இரண்டில் ஒன்று. அழுத்தம் கடுமையாகி வியர்வைச் சுரப்பி அடைபட்டிருக்கும், இல்லையேல் பேனல் அங்கே தொடவே இல்லை. தடத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அதே இடத்தில் பேனலுக்கடியில் கைவிட்டுப் பாருங்கள். சட்டநுனி உட்காரும் இடத்தில் இருபுறமும் உள்ளங்கை அளவில் காய்ந்திருந்தால் பெரும்பாலும் அழுத்தம். நடுமுதுகில் நீளமாகக் காய்ந்திருந்தால் பெரும்பாலும் பாலம். முடி சிலிர்த்தோ தேய்ந்தோ இருந்தால் அங்கே சேணம் நகர்ந்து உரசுகிறது.

அழுத்தப்பட்ட இடத்தின் வீக்கம், ரத்தம் திரும்பிப் பாய்ந்த பிறகுதான் எழும். அதனால் கழற்றிய உடனே ஒருமுறையும் அரைமணி கழித்து ஒருமுறையும் தடவுங்கள். முதுகெலும்பிலிருந்து ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் தள்ளி, விரல்நுனியால் மிதமாக அழுத்திக்கொண்டே தோள்மேட்டிலிருந்து இடுப்புவரை போங்கள். தோல் சுருங்கினாலோ, முதுகு கீழே தாழ்ந்தாலோ, தசை பலகைபோல இறுகினாலோ அந்த இடத்தைக் குறித்துவைத்து வலி அடங்கும்வரை சவாரியை நிறுத்துங்கள். வெள்ளை முடி பழைய காயத்தின் பதிவு. முடியின் வேர் சேதப்பட்டு, அடுத்த முடி வளரும்போதுதான் நிறமிழந்து தெரியும். எனவே இன்றைய சேணத்தைக் குற்றம் சொல்லும் முன் முந்தைய சேணத்தையும் விசாரியுங்கள்.

அறிகுறி: சேணம் எப்போதும் ஒரே பக்கம் சறுக்குகிறது

இதற்குத்தான் மிகுந்த பொறுமை தேவை, ஏனென்றால் காரணம் சேணத்துக்கு வெளியே இருக்கலாம். ஒருவர் பாதுகாப்பான தூரத்தில் பின்னால் நின்று, கேன்டிலின் நடுக்கோடு வாலின் வேருக்கு நேராக இருக்கிறதா என்று நேர்நடையிலும் இருபக்க வட்டத்திலும் பார்க்க வேண்டும்.

முதலில் எளிதானவை. அங்கவடி வார்களைக் கழற்றி ஒன்றின்மேல் ஒன்று வைத்துத் துளைக்குத் துளை ஒப்பிடுங்கள். தரையிலிருந்து இடப்பக்கம் ஏறுவதால் இடது வார் நீண்டிருக்கும். வார்களை அவ்வப்போது இடம் மாற்றுங்கள், ஏறுவதற்கு மேடை பயன்படுத்துங்கள். தரையிலிருந்து ஏறும் ஒவ்வொரு முறையும் சட்டம் முறுக்கப்படுகிறது. கர்த்தின் எலாஸ்டிக் ஒரு முனையில் மட்டும் இருந்தால் இழுவை சமமாகாது. இரு முனையிலும் உள்ளதை, இல்லையேல் எலாஸ்டிக்கே இல்லாததைப் பயன்படுத்துங்கள்.

அடுத்து, சமநிலையாக உட்காரும் வேறொருவரை ஏற்றுங்கள். சறுக்கல் நின்றால் முதலாமவரின் இடுப்பைக் கவனிக்க வேண்டும். நிற்கவில்லையென்றால் பொருந்துவதாகத் தெரிந்த வேறு சேணம். அதிலும் அதே பக்கம் சறுக்கினால் குதிரையின் உடல்தான். பல குதிரைகளுக்கு ஒரு தோள் மற்றதைவிடப் பெரிது. பெரிய தோள் தன் பக்கப் பேனலைப் பின்னே தள்ள, சேணம் திரும்பி எதிர்ப்பக்கம் விழும். அப்போது பெரிய தோளுக்கு அளவெடுத்து, சிறிய பக்கத்தை ஷிம்மாலோ கம்பளியாலோ நிரப்புங்கள். சிறியதற்கு அளவெடுத்தால் பெரியது நசுங்கும்.

பின்னங்கால் நொண்டலும் சேணத்தைச் சறுக்கவைக்கும். குதிரை மருத்துவ ஆய்வாளர்களான லைன் கிரீவ், சூ டைசன் இருவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வு இதை நன்றாகக் காட்டியது: சேணம் பெரும்பாலும் அதிகம் நொண்டும் காலின் பக்கமே சறுக்கியது, நரம்பை மரக்கவைத்து நொண்டலை நீக்கியதும் பெரும்பாலான குதிரைகளில் சறுக்கல் மறைந்தது. கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய நொண்டல்கூட இப்படிக் காட்டிக்கொடுக்கலாம். ஆகவே ஆளையும் சேணத்தையும் மாற்றியும் சறுக்கல் தொடர்ந்தால் அடுத்து அழைக்க வேண்டியது கால்நடை மருத்துவரை.

அறிகுறி: சேணம் முன்னே ஏறுகிறது, அல்லது பின்னே போகிறது

கர்த் எப்போதும் மார்புக்கூட்டின் மிகக் குறுகிய இடத்தைத் தேடிப் போகும். அந்தப் பள்ளம் முழங்கைக்கு மிக அருகில் இருந்தால், பின்னால் வைத்த சேணத்தைக் கர்த் முன்னே இழுத்துத் தோள்மேல் ஏற்றிவிடும். பள்ளத்துக்கு நேர்மேலே பில்லெட்கள் தொங்கினால் இழுவை இருக்காது. சட்டநுனியில் பொருத்திய முன் பில்லெட்டைப் பயன்படுத்துங்கள், முழங்கைப் பக்கம் உள்வாங்கி வெட்டிய வளைந்த கர்த்தும் உதவும். தோள்மேடு தெரியாத உருண்டையான போனிகளுக்குச் சட்டத்தின் அகலத்தைவிட அதன் வடிவமே முக்கியம்: தலைகீழ் 'வி' போன்ற வளைவு அங்கே ஆடும், வளையம்போல் அகன்ற வளைவு உட்காரும். இத்தனைக்குப் பிறகும் ஏறினால், வாலடியில் மாட்டிச் சேணத்தைப் பிடித்துவைக்கும் வால்வார்.

பின்னே போவது உயர்ந்த தோளும் ஒடுங்கிய வயிறும் உள்ள குதிரைகளில். மார்புப்பட்டை உதவும், ஆனால் இறுக்கமான சட்டத்தால் பின்னே தள்ளப்படும் சேணத்தை மார்புப்பட்டையால் பிடித்துவைப்பது குதிரைக்குச் செய்யும் கொடுமை. முதலில் அகலத்தைச் சரிபாருங்கள்.

அறிகுறி: கர்த் கட்டும்போது கடிக்க வருகிறது

ஒவ்வொரு துளையாக, இருபுறமும் மாறி மாறி, நடுவில் சில அடி நடக்கவைத்துக் கட்டுங்கள். முடிந்ததும் முன்கால்களை நீட்டி மடிந்த தோலை விடுவியுங்கள். குட்டைக் கர்த்தானால் அதன் கொளுவி முழங்கைக்கு ஒரு கையகலமாவது மேலே இருக்க வேண்டும். மூன்று பில்லெட் உள்ள சேணங்களில் வழக்கமாக முதலாவது தனிப் பட்டையிலும் மற்ற இரண்டும் ஒரே பட்டையிலும் தைக்கப்பட்டிருக்கும். முதலாவதோடு மற்றொன்றைச் சேர்த்தே கட்டுங்கள், ஒரு பட்டை அறுந்தாலும் மற்றது தாங்கும். கர்த் இல்லாமல் வயிற்றைத் துலக்கும்போதே சீறினால் இரைப்பைப் புண் இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

அறிகுறி: சவாரி செய்பவரின் கால் முன்னே போகிறது, நாற்காலியில் உட்கார்ந்ததுபோல்

சேணம் பின்னால் சாயவில்லை என்று பென்சிலால் உறுதிசெய்த பிறகே இதைப் பாருங்கள். இரு அங்கவடிகளையும் விட்டுக் கால்களைத் தொங்கவிடுங்கள். தோள், இடுப்பு, குதிகால் மூன்றும் நேர்க்கோட்டில் வந்து, அங்கவடியில் பாதம் வைத்ததும் கால் முன்னே போனால் அங்கவடிக் கொக்கி அவருக்கு மிக முன்னால் இருக்கிறது. தொங்கவிட்டபோதே முழங்கால் ஃபிளாப்பின் முன்விளிம்பைத் தாண்டினால் அவருடைய தொடைக்கு ஃபிளாப் போதவில்லை, இன்னும் முன்னோக்கி வெட்டியது வேண்டும்.

இருக்கையின் அளவை பொம்மலின் பக்கவாட்டுக் குமிழியிலிருந்து கேன்டிலின் நடுவரை அங்குலத்தில் அளப்பார்கள். பெரியவர்களுக்கு 16 முதல் 18 வரை, அரை அங்குலப் படிகளில் கிடைக்கும். உடல் எடையைவிடத் தொடையின் நீளமே அளவைத் தீர்மானிக்கிறது. உட்கார்ந்தவருக்குப் பின்னால் கேன்டில்வரை ஒரு கையகலம் மிஞ்சினால் நல்லது. மிஞ்சாவிட்டால் அவர் கேன்டில்மேல் ஏறி உட்கார்வார், பேனலின் பின்நுனி குதிரையின் முதுகைக் குத்தும்.

உள்தொடையும் இடுப்பு மூட்டும் வலித்தால் இருக்கையின் முன்குறுகல், அதாவது 'ட்விஸ்ட்', அவருக்கு அகலம். முன்பக்க இடுப்பெலும்பில் வலித்தால் பொம்மலை நோக்கிய ஏற்றம் செங்குத்து, அல்லது சேணமே முன்னே சாய்கிறது. பூட்டின் மேல்விளிம்பு ஃபிளாப்பின் அடியில் மாட்டினால் ஃபிளாப்பின் நீளத்தை மாற்ற வேண்டும், வேறு வழியில்லை.

இருவரின் அளவும் மோதும்போது

குட்டை முதுகுக் குதிரை, நீண்ட தொடைக்காரர். குதிரைக்கு 16.5 அங்குலச் சேணத்தின் பேனல்தான் தாங்கும், அவருக்கோ 17.5 வேண்டும். கடைசி விலாவைத் தாண்டி ஒரு சென்டிமீட்டர்கூட விட்டுக்கொடுக்காதீர்கள். ஆனால் இருக்கையின் நீளமும் பேனலின் நீளமும் ஒன்றல்ல. பின்நுனி மேல்நோக்கி வளைந்த குட்டைப் பேனலுள்ள சேணங்களைத் தேடுங்கள். ஃபிளாப்பை முன்னோக்கி வெட்டியதாக எடுத்தால் முழங்காலுக்கு இடம் கிடைத்து, அவரே அரை அங்குலம் சிறிய இருக்கையில் வசதியாக உட்காரக்கூடும். அகன்ற குதிரைக்கும் ஒடுங்கிய இடுப்புக்காரருக்கும் மேலே குறுகிய ட்விஸ்டும் கீழே அகன்ற பேனலும் உள்ள சேணம் தயாரிக்கிறார்கள். கடையில் மரக்குதிரைமேல் உட்கார்ந்து ட்விஸ்டை முடிவு செய்யாதீர்கள், அதன் அகலம் உங்கள் குதிரையின் அகலமல்ல.

வெஸ்டர்ன் சேணத்தில் பேனலுக்குப் பதில் நீண்ட மரப்பட்டைகள் சுமையைப் பரப்புகின்றன. சரிவு, பாலம், தொட்டில் சோதனைகள் அப்படியே பொருந்தும். இருக்கை எண் வேறு, இங்கிலீஷ் அளவைவிட ஏறத்தாழ இரண்டு அங்குலம் குறைத்துப் பாருங்கள். சேணத்தின் அடியில் அகலமாக விரியும் பாவாடைத்தோல் குதிரையின் இடுப்பெலும்பில் இடித்தால் வட்டமாக வெட்டியதை எடுங்கள்.

முதுகின் வரைபடம்

வளையும் அளவுகோல் ஒன்று வாங்கி வையுங்கள். தோள்பட்டை எலும்புக்கு இரண்டு விரல் பின்னால் குறுக்காக ஒரு கோடு, அங்கிருந்து 10 சென்டிமீட்டர் இடைவெளியில் கடைசி விலாவரை அடுத்தடுத்து, பிறகு முதுகு நெடுக ஒன்று. ஒவ்வொரு முறையும் அளவுகோலை அழுத்தி வளைத்து, கலையாமல் எடுத்துத் தாளில் வரைந்து, இடது வலது என்று குறித்துத் தேதி போடுங்கள். கம்பளி நிரப்பிய புதுச் சேணம் முதல் மூன்று மாதத்தில் நன்றாக அமுங்கும், அப்போது ஒருமுறை பார்க்கவேண்டும். பிறகு தினசரி சவாரியானால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. குதிரை எடை கூடினாலோ, ஓய்வுக்குப் பின் பயிற்சிக்குத் திரும்பினாலோ காத்திருக்காமல் புதிய கோடு வரைந்து பழையதன்மேல் வைத்துப் பாருங்கள். கோடுகள் எந்த இடத்தில் விலகுகின்றனவோ, பேனலுக்கடியில் முதலில் கைவிட்டுப் பார்க்கவேண்டிய இடமும் அதுவே.